சி டிரைவுக்கு நாற்பது போதும்

சி டிரைவில் ஆறு ஜிபி காலி இடம் வேண்டும் என்கிறது. இருப்பது மூன்று புள்ளி ஒன்பது. கால் மணி நேரத்துக்கு முன் நான்கு புள்ளி ஏழு இருந்தது. நான் எதையும் சேர்க்கவில்லை, துடைக்க மட்டுமே செய்தேன், ஆனாலும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குறைந்துவிட்டது. விண்டோஸ் தன்னுடைய அப்டேட் எதையோ இறக்கியிருக்கும். இடம் காலியானது தெரிந்தால் போதும், அது வந்து உட்கார்ந்துகொள்ளும், பஸ்ஸில் கைக்குழந்தைக்காரிக்கென்று எழுந்து நின்றால் அந்த இடத்தில் வேறு ஒருவன் சறுக்கி உட்காருவானே அதைப்போல. அப்டேட்டை நிறுத்தினேன். அதற்குமேல் குறையவில்லை, ஆனால் போனது திரும்பி வரவுமில்லை. மணி பத்து பத்து. பதினொன்றுக்குப் பரீட்சை. பரீட்சை எழுத ஒரு மென்பொருளை இந்தக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், அது கேமரா வழியாக என் முகத்தையும் மைக் வழியாக அறையின் சத்தத்தையும் இரண்டு மணி நேரம் கவனித்துக்கொண்டிருக்கும், அது இல்லாமல் கேள்வித்தாள் திறக்காது. மறுவாய்ப்பு கிடையாது என்பதை மெயிலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். முந்தைய நாளே ஏற்றிச் சரிபார்த்துக்கொள்ளவும் என்பதைச் சாதாரண எழுத்தில் போட்டிருந்தார்கள். தடித்ததை மட்டுமா படித்தேன். இல்லை, இரண்டையும் படித்தேன். இரண்டாவதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. அருப்புக்கோட்டையில் பதினெட்டு வருடம் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியவனுக்கு ஒரு இன்ஸ்டாலுக்கு ஒரு முழு நாளா. நேற்று சாயங்காலம் அந்த நேரத்தில் என்ன செய்தேன். மீசையைச் சரிசெய்தேன். கேமராவில் நரை தெரிகிறதா என்று பார்த்தேன்.

ஃபேனை நிறுத்தியாயிற்று. ஃபேன் சத்தத்தை யாரோ கிசுகிசுப்பதாக அது எடுத்துக்கொள்ளக்கூடும் என்று எங்கோ படித்ததை இந்திராணியிடம் சொன்னேன், அவள் அதை என்னைவிடத் தீவிரமாக எடுத்துக்கொண்டாள். காலிங்பெல் வயரை உருவிவிட்டாள். விசில் வருமென்று குக்கரை ஏற்றவில்லை, சோறு வடிக்கிறாள். முதுகுக்குப் பின்னால் சுவர் வெறுமையாக இருக்க வேண்டும் என்பதற்காகக் காலண்டரையும் கல்யாணப் படத்தையும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அவை இருந்த இடத்தில் இப்போது இரண்டு வெளிறிய கட்டங்கள். அது வெறுமையில் சேருமா, சேராதா. துணிக்கடையில் சேலைப் பிரிவில் காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கிறவள், எனக்காக அரை நாள் லீவு கேட்டாள். மேனேஜர் என்ன விசேஷம் என்றாராம். வீட்டுக்காரருக்குப் பரீட்சை என்றாளாம். மகனுக்கா என்று மறுபடியும் கேட்டாராம். எங்களுக்குப் பிள்ளை கிடையாது என்பது அவருக்கும் தெரியும். இதையெல்லாம் அவள் ராத்திரி கணுக்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னாள், சிரிக்கவுமில்லை, குறைப்பட்டுக்கொள்ளவுமில்லை. நரம்பு சுருண்டு நீலமாக இருந்தது. நான் பார்க்காததுபோல இருந்தேன். சற்று முன் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாத குரலில், "என்னங்க, எல்லாம் சரியா வந்துருச்சா?" என்றாள். ஏறிக்கொண்டிருக்கிறது என்றேன். முதல் பொய் அது. முன்கை வேர்த்து மேசையில் ஒட்டுகிறது, எடுக்கும்போது தோல் உரிகிற சத்தம், அதுவும் மைக்கில் விழும்.

வேறொருவர் கம்ப்யூட்டராக இருந்தால் இந்நேரம் முடித்திருப்பேன். எத்தனை பேருக்குச் செய்துகொடுத்திருக்கிறேன். சி டிரைவ் நிறைந்துவிட்டது சார் என்று வருவார்கள். திறந்து பார்த்தால் டெஸ்க்டாப்பில் காதுகுத்து வீடியோ, சடங்கு வீடியோ, டவுன்லோடில் ஒரே படம் மூன்று தடவை. தூக்கி டி டிரைவில் போட்டால் தீர்ந்தது. என் சி-யில் தூக்கிப் போட ஒன்றுமில்லை. அதுதான் விஷயம். அழிப்பதற்கு என்னுடையது என்று அங்கே எதுவும் இல்லை. எல்லாம் விண்டோஸ். நாற்பது ஜிபியில் முப்பத்தாறை அதுவே எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. டைப்பிங் பழகும் மென்பொருளை நீக்கினேன், பழைய கணக்கு மென்பொருளை நீக்கினேன், டெம்ப், ரீசைக்கிள் பின், ரீஸ்டோர் பாயிண்ட், ஹைபர்நேட், எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் காலை ஒன்பதரையிலிருந்து சுரண்டி எடுத்துவிட்டேன். ரேம் பத்தாதபோது விண்டோஸ் எழுதிக்கொள்ளும் பேஜ் ஃபைலை ஈ-க்கு மாற்றி எத்தனையோ வருடமாயிற்று. மென்பொருளையே டி-யில் ஏற்றப் பார்த்தேன், டி-யில் நூற்றைம்பது ஜிபிக்குக் குறையாமல் காலி. இடம் கேட்கும் கட்டத்தில் டி என்று கொடுத்தால் சரி என்கிறது, கோடு நகர்கிறது, எழுபத்துமூன்று சதவீதத்தில் நின்று சி-யில் போதிய இடமில்லை என்று ஆரம்பத்துக்குப் போய்விடுகிறது. எங்கே போய்க் குடியிருந்தாலும் மூட்டையைச் சி-யில்தான் அவிழ்ப்பேன் என்கிறது. எழுபத்துமூன்று. ஐந்து தடவை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் எழுபத்திரண்டில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், நான் மூச்சு விட்டதால்தான் நின்றது என்பதுபோல.

நாற்பது என்று வைத்தவன் நான்தான். இரண்டாயிரத்துப் பதினொன்றில் புது ஹார்டு டிஸ்க், ஐந்நூறு ஜிபி, அப்போது தெருவுக்கே அது அதிசயம். மூன்றாகப் பிரித்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் பிரித்திருப்பார்கள், இந்த ஊரில் எந்தக் கடையில் கம்ப்யூட்டர் சேர்த்துக் கட்டினாலும் சி சின்னதாக, டி பெரியதாக, ஈ இன்னும் பெரியதாக. விண்டோஸ் செத்தால் சி-யோடு போகட்டும், நம் பொருள் டி-யில் பத்திரமாக இருக்கட்டும். அதை ஒரு பாடமாகவே நடத்தினேன். போர்டில் நீளமாக ஒரு பெட்டி வரைவேன், குறுக்கே இரண்டு கோடு. "சி-ங்கிறது வாசல். வாசல்ல எவனாச்சும் பீரோவைக் கொண்டாந்து போடுவானா?" முதல் பெஞ்சிலிருந்து சிரிப்பு ஆரம்பிக்கும். சி-க்கு நாற்பது போதும், மேலே கொடுத்தால் குப்பைதான் சேரும், எழுதிக்கோ. எழுதிக்கொள்வார்கள். ஒவ்வொரு பேட்ச்சிலும் அதே இடத்தில் அதே சிரிப்பு, நானும் அதற்காக ஒரு நொடி நிறுத்தப் பழகியிருந்தேன். பின்னால் நாற்பது பத்தாமல் போனால் என்ன சார் செய்வது என்று எந்த வருடமோ ஒருத்தி கேட்டாள். அதற்குள் நீ கல்யாணம் முடித்துப் போயிருப்பாய் என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அவள் சிரித்தாளா. முகம் நினைவில்லை, கேள்வி மட்டும் இருக்கிறது, இத்தனை நாள் இல்லாமல் இன்றைக்கு வந்து நிற்கிறது. பதில் சொல்லியிருந்தால் எனக்காவது தெரிந்திருக்கும்.

உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். மூன்று நிமிடம் இசை, பிறகு ஒரு பெண். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுக் குரல், பின்னால் அதேபோல இன்னும் பத்துக் குரல்கள். என் பதிவெண்ணைக் கேட்டாள், பெயரைக் கேட்டாள், தனுஷ்கோடி என்றதும் அது ஊரா பெயரா என்பதுபோல ஒரு சின்ன இடைவெளி விட்டாள். உங்கள் சிஸ்டத்தில் இடம் குறைவாக இருக்கிறது, தேவையில்லாத ஃபைல்களை டெலிட் பண்ணுங்கள் என்றாள். தேவையில்லாதது எதுவுமில்லை என்றேன். அப்படியானால் ரீஸ்டார்ட் பண்ணுங்கள் என்றாள். பண்ணிவிட்டேன் என்றேன். அவள் தனக்கு முன்னால் இருக்கும் பட்டியலில் அடுத்த வரிக்குப் போவது எனக்குத் தெரிந்தது, நானும் அப்படிப் பட்டியல் தயாரித்துக் கொடுத்தவன்தான். "சார், பக்கத்துல கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா சார்?" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். இல்லை என்றேன். எதிர்வீட்டு டீச்சரிடம் புது லேப்டாப் இருக்கிறது, அது நேற்றிலிருந்தே என் மனதில் இருக்கிறது, நேற்றே கேட்டிருக்கலாம். இன்று காலை ஒன்பதரைக்குள்கூடக் கேட்டிருக்கலாம், இப்போது அந்த அம்மாள் பள்ளிக்கூடத்தில். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கம்ப்யூட்டர் சார் கம்ப்யூட்டர் கேட்கிறார் என்று சிரித்திருக்கக்கூட மாட்டார். அந்தச் சிரிக்காத முகத்தை நினைத்துத்தான் போகவில்லை.

பத்து பதினெட்டு. டி-யை எடுத்துவிட்டால். இந்த யோசனை இப்போது வந்ததுபோல நடிக்க வேண்டாம், ஒன்பதரைக்கே வந்தது, வேறு எல்லாவற்றையும் அதற்கு முன்னால் தள்ளித் தள்ளி நிறுத்தினேன். டி-யை அழித்தால் சி-க்குப் பக்கத்தில் இருநூறு ஜிபி வெற்றிடம் கிடைக்கும், சி-யை அதற்குள் நீட்டிவிடலாம், ஒரு நிமிட வேலை. டி-யில் இருப்பது சென்டர். கட்டடத்தை விட்டு வெளியேறும்போது பதினெட்டு வருடப் பதிவேடுகளை எடுத்துவந்து இதே அறையில் குவித்தேன், ஈரம் பட்டது பாதி, கரையான் பாதி. மூன்று மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக ஸ்கேன் செய்தேன், விண்ணப்பம், போட்டோ, விடைத்தாள், சான்றிதழ் நகல், ஐம்பத்து நாலாயிரம் தாள். தாள்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டேன். எங்களுக்குச் சான்றிதழ் அச்சடித்துக் கொடுத்த மேலிடம் எப்போதோ இழுத்து மூடிப் போய்விட்டது, அவர்கள் வெப்சைட்டுக்குப் போனால் யாரோ முடி உதிர்வதற்கு மருந்து விற்கிறார்கள். ஆகவே பதினெட்டு வருடத்தில் வந்துபோன ஒன்பதாயிரம் பேர் படித்தார்கள் என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி இந்த டி. எதையும் இரண்டு இடத்தில் வை என்று பாடம் நடத்தினவன், இரண்டாவது நகலையும் வைத்திருக்கிறேன். அதே டி-யில், பேக்கப் என்ற பெயரில். இதை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு டிஸ்க் வாங்கி மாற்றிவிடலாம் என்றிருந்தேன். வேலையில்லாதவனுக்கு எல்லா நாளும் ஞாயிறுதான், அதனால்தான் அந்த ஞாயிறு வரவேயில்லை.

அப்படியே அழித்துவிட முடியாது. ஈ-யில் இடம் இருக்கிறது, ஈ-க்குக் காப்பி செய்துவிட்டு அழிக்கலாம். காப்பியைத் தட்டினேன். மீதி நேரம் ஒரு மணி ஐம்பது நிமிடம் என்றது. பிறகு பன்னிரண்டு நிமிடம் என்றது. பிறகு இரண்டு மணி ஐந்து நிமிடம். அந்த எண்ணை நம்பக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவனும் நான்தான், அது பின்னால் வந்த வேகத்தை வைத்து முன்னால் போவதைச் சொல்கிறது, முன்னால் என்ன இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. சின்னச் சின்னத் தாள்கள், பழைய டிஸ்க், ஒரே டிஸ்க்கின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு, உள்ளே ஊசி ஓடி ஓடிக் களைக்கிற சத்தம் கேட்கிறது. பேச்சியின் தாள் எந்த எண்ணில் இருக்கும். போன வாரம் போன் செய்தாள். "சார், நான் பேச்சியம்மா சார். பதிமூணு பேட்ச். எக்ஸெல்ல கூட்டுத்தொகை தப்பா வருதுன்னு ஒரு நா அழுதேனே சார்." நினைவிருக்கிறது என்றேன், நினைவில்லை. யூனியன் ஆபீஸில் ஒன்பது வருடமாகத் தற்காலிகமாக டேட்டா என்ட்ரி பார்க்கிறாள். இப்போது நிரந்தரமாக்கப் போகிறார்களாம், சான்றிதழ் உண்மைதானா என்று படித்த இடத்துக்குக் கடிதம் வரும், விண்ணப்பத்தையும் விடைத்தாளையும் இணைத்துப் பதில் போட வேண்டும், இந்த மாதக் கடைசிக்குள். வரட்டும் பார்க்கலாம், அடுத்த வாரம் எடுத்து வைக்கிறேன் என்றேன். கடிதம் மூன்று நாளைக்கு முன் வந்துவிட்டது, டிவி பெட்டிமேல் இருக்கிறது. இன்னும் தேடவில்லை. குவியலில் கைக்கு வந்ததை எடுத்து ஸ்கேன் செய்ததால் வருட வரிசை இல்லை, பெயர் வரிசை இல்லை, ஒன்று இரண்டு மூன்று என்று ஐம்பத்து நாலாயிரம் வரை எண் மட்டும். ஒருவரைக் கண்டுபிடிக்க அரை நாளோ ஒரு நாளோ திறந்து திறந்து பார்க்க வேண்டும். பரீட்சை முடியட்டும் என்றிருந்தேன். காப்பி ஒன்றிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. நான்காயிரத்து முந்நூறு. நான்காயிரத்து முந்நூற்று ஐம்பது. அவள் எதிர்ப்படுவாளா என்று பார்ப்பதுபோல எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வெறும் எண்கள்.

பத்து முப்பத்தைந்துக்குப் பன்னிரண்டாயிரம். ஒன்றுக்குப் போக வேண்டும்போல இருக்கிறது. போனால் இந்திராணி அடுப்படியிலிருந்து பார்ப்பாள், முகத்தைப் பார்ப்பாள். பதினெட்டு வருடம் என்பதைப் பரீட்சையில் எங்கே எழுதுவேன், நான்கு விடையில் ஒன்றைத் தட்டுவதுதானே. ஆன்லைனில் கம்ப்யூட்டர் பாடம் நடத்த இந்தப் பரீட்சை வைத்து ஆள் எடுக்கிறார்கள், போனில் பேசியவர் வயது ஒரு தடையில்லை சார் என்றார், தடை என்ற சொல்லை அவராகத்தான் எடுத்தார். ஐம்பத்தொன்று. மாதிரிக் கேள்விகளில் முப்பதுக்குப் பதினாறு வந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கே போயிற்று, அல்லது எனக்குத் தெரிந்ததைத்தான் இப்போது யாரும் கேட்பதில்லையா. ஒருவேளை. ஒருவேளை இந்தக் காப்பி முடியக்கூடாது என்றுதான் உட்கார்ந்திருக்கிறேனோ. டிஸ்க்கில் இடமில்லை, அதனால் எழுத முடியவில்லை, இப்படிச் சொல்வது தோற்றேன் என்று சொல்வதைவிட எவ்வளவு நல்லது. அடுத்தவர்களுடைய தாள்கள் அழிந்துவிடும் என்று விட்டுவிட்டேன், அதைச் சொல்வது இன்னும் நல்லது. இந்திராணி கேட்டால் அதைத்தான் சொல்வேன், அவள் என்னைப் பெரிய மனது என்றுகூட நினைப்பாள், நாளைக் காலை எட்டே முக்காலுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு சேலைப் பிரிவுக்குப் போவாள். இந்த நினைப்பைத் தாங்க முடியவில்லை. அவள் கால் நினைவுக்கு வந்ததால்தான் தாங்க முடியவில்லை என்று நினைத்தேன், அதுவும் சரியில்லை, அவள் காலை நான் எடுத்துவந்து இதற்கும் முட்டுக்கொடுக்கிறேன், எதைச் செய்தாலும் அந்தக் கால் ஒரு காரணமாக வந்து நிற்கிறது.

பத்து நாற்பத்தேழு. பத்தொன்பதாயிரத்து நானூறு. அழிக்க ஒரு நிமிடம், நீட்ட ஒரு நிமிடம், மென்பொருள் ஏற ஆறு நிமிடம், அது கேமராவைச் சோதிக்க ஐந்து. இதற்குமேல் ஒரு நிமிடம் பிந்தினாலும் முடியாது. சென்டரை மூடிய இரண்டு வருடத்தில் எத்தனை பேர் தாள் கேட்டார்கள், பேச்சியோடு சேர்த்து நான்கு பேர். ஒன்பதாயிரத்தில் நான்கு. மற்றவர்கள் அதை எப்போதோ மறந்திருப்பார்கள், சான்றிதழ் பீரோவில் சேலைக்கு அடியில் கிடக்கும். பேச்சி பத்தொன்பதாயிரத்துக்குள் இருக்கலாம், மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு, மூன்றில் ஒன்று குறைவா. அவள் வேறு வழி பார்த்துக்கொள்வாள், ஆபீஸில் இருக்கிறவள், யாரையாவது பிடிப்பாள். காப்பியை நிறுத்தினேன். டிஸ்க்கைப் பிரிக்கும் திரையைத் திறந்தேன், வரிசையாகச் சி, டி, ஈ, என் போர்டில் இருந்த அதே பெட்டி. டி-யின் மேல் வைத்து வலது கிளிக். இதிலுள்ள எல்லாம் அழியும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்பதில் அம்புக்குறியை வைத்துவிட்டு ஒரு நொடி நிறுத்தினேன். வகுப்பில் சிரிப்புக்காக நிறுத்துவேனே, அவ்வளவு நேரம். பிறகு தட்டினேன். சத்தமே இல்லை. டி என்ற எழுத்து இல்லை. அவ்வளவுதானா என்று இருந்தது.

சி-யின் மேல் வலது கிளிக் செய்தேன். நீட்டு என்கிற வரி மங்கலாக இருந்தது. தட்டினேன், எடுக்கவில்லை. மறுபடி தட்டினேன். திரையைப் புதுப்பித்தேன், மூடித் திறந்தேன். மற்ற எல்லா வரிகளும் கறுப்பாக இருக்கின்றன, அது ஒன்று மட்டும் சாம்பல் நிறம். அப்புறம்தான் டி இருந்த இடத்தைப் பார்த்தேன். கறுப்பாக இருக்க வேண்டும். இளம்பச்சையாக இருந்தது. பச்சையைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, நான்கு விடைகூடத் தேவையில்லாமல் தெரிந்துவிட்டது. சி தனி வீடு. டி-யும் ஈ-யும் இன்னொரு வீட்டின் இரண்டு அறைகள். ஒரு அறையைக் காலி செய்தால் அந்த இடம் அந்த வீட்டுக்குள்ளேயே காலியாகக் கிடக்கும், பக்கத்து வீட்டுக்காரன் அதற்குள் கையை நீட்ட முடியாது. வெளிச்சுவர் அப்படியே நிற்கிறது. கறுப்பு என்றால் யாருக்கும் சொந்தமில்லாத இடம், பச்சை என்றால் சொந்தக்காரன் இருக்கிற காலி இடம், குழப்பிக்கொள்ளாதே என்று நானே சொல்லியிருக்கிறேன். மூன்றையும் மூன்று தனி வீடாகவே வைத்திருக்கலாம், யாரும் தடுக்கவில்லை. முதன்முதலில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சி-யைத் தனியாக வைத்து மற்றதை ஒரு வீட்டுக்குள் போட்டார், நானும் போட்டேன், ஆயிரக்கணக்கானவர்களைப் போட வைத்தேன். ஐந்து மதிப்பெண் கேள்வி. வரைபடம் இல்லாவிட்டால் ஒரு மதிப்பெண் குறைப்பேன். யாராவது ஒரு பிள்ளை எழுதிய சரியான விடை சற்று முன்வரை டி-யில் இருந்திருக்கும்.

பத்து ஐம்பத்துமூன்று. இன்னும் ஒரு வழி இருந்தது, அதையும் பார்த்தேன். ஈ-யையும் அழித்தால் வெளிச்சுவரையே எடுத்துவிடலாம், எல்லாம் கறுப்பாகிவிடும், சி நீளும். ஈ-யில்தான் அந்தப் பத்தொன்பதாயிரத்து நானூறு. அம்புக்குறி ஈ-யின் மேல் போய் நின்றது. நான்தான் கொண்டுபோயிருப்பேன். அங்கிருந்து கையை எடுத்தேன், நல்ல மனதால் எடுத்தேன் என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது, கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். நேரம் போதாது. பேஜ் ஃபைல் வேறு அங்கே இருக்கிறது, அதை மாற்றி, ரீஸ்டார்ட் செய்து, முடியாது. முடியும் என்றிருந்தால். அந்த நினைப்பை அங்கேயே விட்டேன். வடிகஞ்சி வாசனை வந்தது. போன் மேசைமேல் அதிர்ந்து நகர்ந்தது, உதவி எண், இன்னும் நான் உள்ளே வரவில்லையே என்று கேட்கக் கூப்பிடுகிறார்கள் போல. அது மேசை விளிம்புவரை நகர்ந்து நின்றது. பதினொன்று ஆகிவிட்டது. ஆகும்போது பார்க்கவில்லை, பார்த்தபோது பதினொன்று ஒன்று.

அழித்தது அழிவதில்லை. இதுவும் பாடம்தான். பெயரை மட்டும்தான் அடிக்கிறோம், தாள் அங்கேயே கிடக்கும், அதன்மேல் வேறொன்றை எழுதும்வரை. மீட்டெடுக்க மென்பொருள் உண்டு, அதைச் சி-யில் ஏற்ற வேண்டும், அதற்கும் இடம் கேட்கும், இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி மதுரைக்குக் கொண்டுபோனால் எடுத்துத் தருவார்கள், சிலது வரும், சிலது பாதி மட்டும் வரும், முகத்தில் பாதி, கையெழுத்தில் பாதி. ஆனால் அதுவரை எதையும் எழுதக்கூடாது. தொடக்கூடாது. கைகளை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன், முகத்தைத் திரையிலிருந்து விலக்காமல், விதிமுறையில் சொல்லியிருந்தபடியே. கதவு ஒரு விரற்கடை திறந்தது. திரும்பவில்லை. அவளுக்கு என் முதுகும், அதற்கு அப்பால் வெளிச்சமான திரையும் தெரியும். கேமராவுக்குள் வந்துவிடக்கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். கதவு தாழ்ப்பாள் சத்தம்கூட வராமல் மூடியது. இப்போது எழுந்து போய்ச் சொல்லலாம். ஒரு மணிக்குச் சொல்லலாம். ஒரு மணிவரை பரீட்சை. அதுவரை அவளுக்கு நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வாசலில் இரும்பு தரையில் மோதும் சத்தம். காஸ்காரர். இந்திராணி ஓடினாள், செருப்பில்லாமல் ஓடுவது கேட்டது. "உருட்டாதீங்கண்ணே, தூக்கி வைங்க. உள்ள அவரு பரீட்ச எழுதுறாரு."

"யாரு, சாரா? இந்த வயசுலயா?"

"எந்த வயசுல எழுதுனா என்ன. நீங்க மெதுவா வைங்க."

மெதுவாக வைத்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து பிடித்து வைத்திருக்க வேண்டும், ஒரு சின்ன முனகல் மட்டும் கேட்டது, அவளுடையது. பாஸ் பண்ணிட்டா ஸ்வீட் குடுக்கணும் என்று அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார், அவள் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாயிற்று. பத்து நிமிடம் யாரும் தொடாததால் திரை தானாக அணைந்துவிட்டது. மௌஸை லேசாக அசைத்தால் வந்துவிடும். அசைத்தால் டி இருந்த இடத்தில் எதுவும் எழுதப்படாது, ஒன்றும் கெட்டுப்போகாது, அது எனக்கு நன்றாகத் தெரியும். அசைக்கவில்லை.